வெற்றிடமும் சுழியும்

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை சூழ்ந்த வானம்பார்த்த நாட்டிலே முதியோரை நோக்கிப் பிறந்த நாள் யாதென வினவின், தேதியும் மாதமும் விடையாக வருதல் அரிது. "தனுஷ்கோடியைக் கடல் கொண்டதே, அதற்கு மறு ஆடியிலே" என்பாள் ஒரு மூதாட்டி. அப்புயல் 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்தது. அது குரோதி ஆண்டு மார்கழி. எனவே மறு ஆடி, விசுவாவசு ஆடியாம். ஆங்கிலக் கணக்கில் 1965 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை. (விசுவாவசு என்னும் பெயர் 2025-இலும் மீண்டு வந்ததாயினும், புயலே சாட்சியாதலின் ஐயமில்லை.) குறைவுடைய விடைதான், ஆயினும் அதிற் பொய் இல்லை. இதனைக் கணிப்பொறியில் ஏற்றுங்கால் யாது நேர்கின்றது என்பதே ஈண்டு யான் எடுத்துக்கொண்ட பொருள்.

நாள், திங்கள், ஆண்டு என மூன்றையும் முழுதுறக் கேட்பன நம் படிவங்கள். அறியாத கட்டம் வெற்றிடமாகவே நிற்றல் வேண்டும். அவ்வெற்றிடத்தை ஆங்கிலத்தார் 'நல்' என்பர். நம் செவிக்கு அது நன்மையென ஒலிப்பது வேடிக்கையே. 'நல்' வேறு, சுழி வேறு. சுழி ஓர் எண். 'நல்' என்பதோ விடையே இன்மை. யூனிக்ஸ் வழிவந்த பொறிகள், 1970 ஜனவரி 1 கிரீனிச் நள்ளிரவு தொடங்கிக் காலத்தை விநாடிகளாக எண்ணுவன. ஆதலின், காலத்தை ஒரு வடிவினின்று மற்றொன்றிற்கு மாற்றப் புகுந்த நிரல் வெற்றிடத்தைச் சுழியெனக் கொள்ளின், நாளறியார் அனைவரும் 1970 ஜனவரி 1-ஆம் நாள், நம் நேரப்படி காலை 5.30 மணிக்கே பிறந்தவராய்விடுவர்! 2015-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று முகநூல் தன் அன்பர் பலரை, 46 ஆண்டு நட்பு நிறைந்ததென்று வாழ்த்திற்று. முகநூல் தோன்றியதோ 2004-இல். இச்சுழியே அதற்குக் காரணமென அறிந்தோர் பலர் கருதினர்.

அங்கே நகைப்போடு ஒழிந்தது. இங்கோ, முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது நிரம்பவேண்டும். விசுவாவசு ஆடியிற் பிறந்தவள் 2025-இல் அதற்கு உரியவள்; சுழியின் கணக்கிலோ 2030 வரை காத்திருப்பாள்.

நிற்க. ஜாவா போன்ற மொழிகளில், வெற்றிடத்தை நாளாக மாற்றுக என்றால் நிரல் பிழைகூறி நின்றுவிடுவதுண்டு. பொய்யுரைத்து ஓடுதலினும் அங்ஙனம் நிற்றல் மேல் என்பேன். எனினும் ஒருத்தியின் வெற்றிடத்தால் ஊர்ப்பட்டியல் முழுதும் தடைப்படுதல் முறையோ? மாற்றுமுன் வெற்றிடமோ எனச் சோதித்து, ஆமெனின் வெற்றிடத்தையே திருப்பித் தருமாறு நிரலை எழுதலாம். ஓரிரு வரியில் முடியும் வேலை.

"ஆண்டு தெரிந்தால் போதுமே, ஜனவரி 1 என்று இட்டு நிரப்புவோம்" என்பாரும் உளர். இழப்பு குறையும், மெய்தான். ஆனால் உண்மையாகவே ஜனவரி 1-இற் பிறந்தவரையும், எழுத்தர் அந்நாளிற் பிறப்பித்தவரையும் பின்வருவோர் எங்ஙனம் பிரித்தறிவர்? 'ஊறுகாய்' என்னும் வினைத்தொகையிற் காலம் மறைந்து நிற்கின்றது. அதற்காக அதனை இறந்தகாலமென்று எழுதிவைக்கும் இலக்கணியை யான் கண்டதில்லை.

ஆதார் அட்டைகள் பலவற்றில் ஆண்டு மாத்திரம் அச்சாகியிருத்தலைக் காண்க. அது நேர்மையான வழக்கு. நாளில்லாமல் ஆண்டும் திங்களும் மட்டும் எழுத, ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலகப் பொதுமுறையும் இடந்தருகின்றது. 2019-இல் வந்த அதன் விரிவு, அறியாத இலக்கத்தினிடத்தே எக்ஸ் எழுத்தை இடவும் இசைகின்றது. நம் ஆடியோ இரண்டு ஆங்கிலத் திங்களிற் பரவுவது. அதற்கு முதலெல்லை, கடையெல்லை என இரு கட்டம் வகுத்து, பிறந்த நாட் கட்டத்தை வெறுமையாக விடலாம். கடையெல்லையைக் கொண்டே கணக்கிட்டாலும், 2025 ஆகஸ்டு நடுவில் அம்மூதாட்டிக்கு 60 நிரம்பிவிடுகின்றது.