ஜீப்புக்குப் பின் ஆக்ஸில்: பெருசா, போதுமானதா?

அமெரிக்காவுல ஜீப் ராங்ளர் டிஜே (1997-2006) வச்சிருக்கிறவர் 33 அங்குல டயர் மாட்டினா போதும், "டானா 60 போடு"ன்னு ஜல்லியடிக்க நாலு பேர் வந்துடுவாங்க. என் கட்சி வேற. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரோட 8.8 ஆக்ஸிலே போதும் மக்கா!

மாத்தியே ஆகணும்ங்கிறதுல சந்தேகமில்ல. பல டிஜேக்கள்ல இருக்கிற டானா 35-ல தண்டு உடைஞ்சா, சக்கரமே தண்டோட வெளியே வந்துடும். காட்டுல சரி, ஹைவேல? 8.8-லயும் சி-கிளிப்தான். ஆனா 27 பல்லுக்குப் பதிலா 31 பல் தண்டு, லேசுல உடையாது. 1995-2001 மாடல்னா டிஸ்க் பிரேக்கும் உண்டு.

டானா 60 பலசாலிதான். கனமும் ஜாஸ்தி, தொங்குற வயிறும் பெருசு, பாறைல இடிக்கும்.

மிச்சமாகுற காசுல ரெண்டு வேலை: ஆக்ஸில் குழாயை நடுக்கூட்டோட வெல்டு பண்ணுங்க; கியர் ரேஷியோவை முன் ஆக்ஸிலுக்குச் சமமாக்குங்க. இதுல கஞ்சத்தனம் வேணாம், சொல்லிப்புட்டேன் :-)