சுபேதார் ராம்ஜி என்ற ஆசிரியர்

ஏப்ரல் 14 நெருங்கினால் அம்பேத்கர் படித்த கதையை எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். உதவித்தொகை கொடுத்த பரோடா மன்னர் அதில் வருவார். கொலம்பியா பல்கலைக்கழகம் வரும். சதாராவில் அன்பு காட்டிய பிராமண ஆசிரியர் தவறாமல் வருவார். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த மகார் ஆசிரியர் மட்டும் 'தந்தை பெயர் ராம்ஜி' என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோவார். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நம் பிள்ளைகளின் படிப்பு யாரோ மேலிருந்து இரங்கிக் கொடுத்தது என்று சொன்னால் கேட்பவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

ராம்ஜி மாலோஜி சக்பால் ரத்னகிரி மாவட்டத்து அம்பாவடே கிராமத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையும் ராணுவத்தில் இருந்தவர். அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாய்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகள் உட்பட, கல்வி கட்டாயம். ஊர்ப் பள்ளிக்கூடம் மகார் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திய காலத்தில், ராணுவக் குடியிருப்பில் அதே பிள்ளை எழுத்துக் கற்றது. புனேயில் ராணுவ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தேறிய ராம்ஜி, ராணுவப் பள்ளியின் தலைமை ஆசிரியராக 14 ஆண்டுகள் வேலை பார்த்தார். மோவ் நகரில் 1891-இல் அவருக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தவர் பீமராவ். அந்தப் பதினான்கு பேரில் பிழைத்து வளர்ந்தவர்கள் ஐந்தே பேர். தலைமை ஆசிரியர் வீட்டிலேயே நிலைமை இதுதான்.

ஓய்வுபெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1890-களின் தொடக்கத்தில் மகார்களை ராணுவத்தில் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. ஒரு சமூகத்துக்குச் சம்பளம் போனதோடு பள்ளிக்கூடமும் போனது. அந்த உத்தரவை எதிர்த்து, ரானடேயின் உதவியோடு மனு எழுதியவர்களில் ராம்ஜியும் ஒருவர்.

இப்போது இன்றைய பேச்சுக்கு வருகிறேன். 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அருந்ததியர் உள் ஒதுக்கீட்டை ஆதரிக்கிறவன் என்ற முறையில் அதை வரவேற்றேன். ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதிகள் சிலர், பட்டியல் சாதியினரிடையேயும் 'கிரீமிலேயரை' அடையாளம் கண்டு விலக்க வேண்டும் என்று எழுதினார்கள். அன்றிலிருந்து கல்லூரி விடுதிகளில் நம் தோழர்களைப் பார்த்தே கேட்கிறார்கள்: "உங்க அப்பா வாத்தியார்தானே, உனக்கெதுக்கு ஒதுக்கீடு?"

ராம்ஜியின் பிள்ளைகளை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம். 1901-இல் ராம்ஜி கோரேகாவில், பஞ்ச நிவாரணத்துக்காக ஏரி வெட்டும் இடத்தில் காசாளராக இருந்தார். விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் சதாராவிலிருந்து ரயில் ஏறினார்கள். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி. மசூர் நிலையத்தில் இறங்கியபோது, அந்த உடையைப் பார்த்த நிலைய அதிகாரி பரிவோடுதான் விசாரித்தார். மகார் என்று தெரிந்ததும் முகம் மாறியது. இரட்டை வாடகை தருகிறோம் என்றும் ஒரு வண்டிக்காரரும் வரவில்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார்: பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அன்றிரவு பட்டினியாகக் கிடந்தார்கள்.

சதாராவில் சலவைத் தொழிலாளரும் முடிவெட்டுபவரும் இருந்தார்கள். கூலி கொடுக்க இவர்களிடம் காசும் இருந்தது. ஆனாலும் துணி துவைத்தவர்கள் அக்காக்கள், தம்பிக்கு முடி வெட்டியது பெரியக்கா. காசு இல்லாததால் அல்ல என்று அம்பேத்கரே அழுத்திச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் சம்பளச் சீட்டு அந்த வண்டியில் ஓர் இடம்கூட வாங்கித் தரவில்லை. அந்தச் சீட்டை வைத்து இன்று நம்மை வெளியேற்றப் பார்க்கிறார்கள்.

பிறகு குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் பகுதியில் ஒரே அறை. அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை. மகனைச் சீக்கிரம் தூங்கவைத்து, இரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கவைப்பார் ராம்ஜி. ஆங்கிலத்தையும் மொழிபெயர்ப்பையும் தானே சொல்லிக்கொடுத்தார். மகன் புத்தகம் கேட்டுக் கையில் காசில்லாவிட்டால், மணமாகிப் போன மகள்களின் வீட்டுக்குப் போவார். அங்கும் பணம் இல்லையென்றால் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அப்பாவின் தியாகத்தைப் பேசும்போது மகள்கள் மஞ்சுளா, துளசாவின் பெயரையும் சொல்லுங்கள். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போன அண்ணன் ஆனந்தராவின் பெயரையும் சொல்லுங்கள். அந்த வீட்டில் எல்லோரையும் படிக்கவைக்க வசதியில்லை.

அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். பீமாபாய் இறந்தபின் அவர் மறுமணம் செய்தது சிறுவனைப் புண்படுத்தியது. கபீர்பந்தியாக இருந்தும் வீட்டில் பிள்ளைகளுக்காகப் பிள்ளையார் பூசை செய்தார். தினமும் இரவில் இராமாயண, பாரதத்தைப் படிக்கச் சொல்வார். ஏன் என்று மகன் கேட்டால், நம் பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடக் கூடாது, எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர்கள் அதில் இருக்கிறார்கள் என்பார். மகனுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் இடம் இருந்தது, இந்த ஆசிரியரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். மகன் ஆங்கில நான்காம் வகுப்பில் தேறியதற்குப் பாராட்டு விழா எடுக்க வந்தவர்களிடம், பரீட்சைதானே தேறியிருக்கிறான், தலைக்கனம் ஏறிவிடும் என்று மறுத்தார். கேலுஸ்கர் பேசி இணங்கவைத்த பிறகுதான் விழா நடந்தது. அவர் பரிசளித்தது தாம் எழுதிய புத்தர் வரலாறு.

1913 பிப்ரவரி 2-இல் ராம்ஜி காலமானார். அப்போதுதான் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகன், தந்தி கிடைத்ததும் பம்பாய்க்குப் புறப்பட்டார். வழியில் சூரத்தில் அப்பாவுக்கு இனிப்பு வாங்க இறங்கி ரயிலைத் தவறவிட்டார். வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு மூச்சு மட்டும் மிச்சமிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.