எல்லார் கையிலும் ஒரே எண்ணா?

ஜாவாவில் நிரல் எழுதிப் பழகும் மாணவர்களே, உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நாசி லெமாக் கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் தர வேண்டும். ஒவ்வோர் ஆர்டரும் ஓர் ஆப்ஜெக்ட். ஆனால் ‘அடுத்த எண்’ எந்த ஓர் ஆர்டருக்கும் சொந்தமில்லை, எல்லாவற்றுக்கும் பொது. அதனால் அது கிளாஸ் மாறி, அதாவது ஸ்டேட்டிக் மாறி.

அதற்குத் தொடக்க மதிப்பை எங்கே கொடுப்பீர்கள்? கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுத்தால் வம்புதான். புது ஆப்ஜெக்ட் உருவாகும் ஒவ்வொரு முறையும் அது ஓடும்; எண் தொடக்கத்துக்கே திரும்பிவிடும். வரிசையில் நிற்கும் எல்லார் கையிலும் 100!

வெறும் 100 போதுமென்றால் மாறியை அறிவிக்கும் வரியிலேயே எழுதிவிடலாம். காலைப் பிரிவுக்கு 100, மாலைப் பிரிவுக்கு 500 என்று நேரம் பார்த்து முடிவுசெய்ய வேண்டுமென்றால் ஸ்டேட்டிக் பிளாக் எழுதலாம், அல்லது ஸ்டேட்டிக் மெத்தட் எழுதலாம். நான் மெத்தட்டின் பக்கம். பிளாக்குக்குப் பெயர் கிடையாது. ஒருமுறை ஓடி முடிந்தபின் அதைக் கூப்பிட முடியாது. ‘தொடக்க எண்’ என்று பெயரிட்ட மெத்தட்டை மாலைப் பிரிவு தொடங்கும்போது மறுபடியும் கூப்பிடலாம். படிப்பவருக்கும் அந்தப் பெயரே விளக்கம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பில் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன். ஜாவா, ஸ்டேட்டிக் மாறிகளுக்கு மேலிருந்து கீழாக, எழுதிய வரிசையில்தான் மதிப்புக் கொடுக்கும். 3ஆம் வரியில் ‘அடுத்த எண்’ அந்த மெத்தட்டைக் கூப்பிடுகிறது. மெத்தட்டுக்குத் தேவையான ‘காலை எண் = 100’ 4ஆம் வரியில் இருக்கிறது. மெத்தட் ஓடும் நேரத்தில் காலை எண்ணுக்கு 100 இன்னும் வந்து சேரவில்லை. அதில் இருப்பது 0. காலையில் முதலில் வருபவருக்கும் 0தான் கிடைக்கும்.

கம்பைலர் எச்சரிக்காதா? ‘அடுத்த எண் = காலை எண்’ என்று நேரடியாக எழுதியிருந்தால் பிழை காட்டியிருக்கும். மெத்தட் வழியாகப் போனால் கண்டுகொள்ளாது. நிரல் ஓடும், விடை மட்டும் தப்பு. சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் பிழையைவிட எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

காலை எண்ணை ‘ஸ்டேட்டிக் ஃபைனல்’ என்று அறிவித்தால், 100 மாறிலியாக முன்பே பதிந்துவிடும். வரிசை மாறினாலும் தப்பிக்கலாம். ஆனால் அந்த 100ஐயும் இன்னொரு மெத்தட்டிலிருந்து வாங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மெத்தட்டைக் கிளாஸுக்குள் எங்கே வேண்டுமானாலும் எழுதுங்கள். அது நம்பியிருக்கும் மாறிகள் மட்டும் ‘அடுத்த எண்’ணுக்கு மேலே இருக்கட்டும்.