கூடியிருந்து கற்றல்

ஆறாம் வகுப்பின் வாயிலில் ஒரு பிள்ளை வந்து நிற்கும் வீடுகளிலெல்லாம் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகின்றது: "பிள்ளையை எந்தக் கல்லூரியிற் சேர்ப்பது?" புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்ததும் தகப்பனார் ஒரு பக்கம் விசாரிக்கிறார், தாயார் மறுபக்கம் விசாரிக்கிறார், அயலிலுள்ள மாமாவும் மாமியும் தத்தம் அபிப்பிராயங்களைக் கூறுகின்றனர். விசாரணையின் சாரம் மட்டும் எங்கும் ஒன்றே. "போன முறை அங்கே எத்தனை பிள்ளைகளுக்கு ஒன்பது ஏ? எத்தனை பேர் மருத்துவ பீடத்துக்குப் போனார்கள்?" அக்கல்லூரியில் மாணாக்கர் எவ்விதம் கூடி வாழ்கின்றனர், வகுப்பறைக்கு வெளியே ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் உறவு உண்டா, பரீட்சையில் தவறியவனைத் தேற்றுவார் உண்டா என்று கேட்கும் பெற்றோர் மிக அரியர்.

கேளாமைக்குக் காரணம் உண்டு. படிப்பு ஒன்று, கூட்டுவாழ்க்கை வேறொன்று. முன்னது சோறு, பின்னது ஊறுகாய் என்பதே நம்மவர் கணிப்பு. இக்கணிப்புச் சரியானதுதானா என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம். எடுத்துக்காட்டாக யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியை எடுத்துக்கொள்கிறேன். சைவப் பிள்ளைகளுக்கென எழுந்த கல்லூரி ஒன்றிற் கற்பிக்கும் நான் கத்தோலிக்கக் கல்லூரியைப்பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். அயல்வளவுக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தால் குடத்தோடு அங்கே போவதற்கு யாழ்ப்பாணத்தவர் என்றுமே தயங்கியதில்லை.

1850ஆம் ஆண்டிலே கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலையாக ஆரம்பமான அந்நிலையம், 1881 இல் அயர்லாந்தின் காவற்புனிதராகிய பத்திரிசியாரின் பெயரைப் பெற்றது. அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் அதனை வளர்த்தனர். அவர்களுள் ஐரிஷ்காரர் பலர். ஊர்காவற்றுறையிலே புனித அந்தோனியார் கல்லூரியும், இளவாலையிலே புனித ஹென்றியரசர் கல்லூரியும் அதே மரபில் வந்த கிராமப்புறக் கல்லூரிகள். தீவுப்பகுதிகளிலிருந்தும் மன்னார்ப் பக்கத்திலிருந்தும் பட்டினத்துக்கு நாள்தோறும் வந்து போதல் இயலாத அக்காலத்தில், விடுதிச்சாலையே பிள்ளைகளுக்கு வீடாயிற்று.

இத்தகைய விடுதிச்சாலைகளின் ஒழுங்கு முழுவதும் மணியோசையிலே தங்கியிருந்தது. மணி அடித்தால் எழும்புதல், மணி அடித்தால் உணவு, மணி அடித்தால் விளையாட்டு. விளையாடிக் களைத்து, குளித்து வந்தபின் எல்லோரும் ஒரு மண்டபத்திற் கூடிப் படிப்பர். அப்படிப்பு நேரத்தின் இயல்பை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அங்கே எவரும் பாடம் நடத்துவதில்லை. பொறுப்பான குருவோ ஆசிரியரோ ஒருவர் சும்மா உலாவுவார். ஆனாற் கணக்கிற் பின்தங்கிய பையன் தலைநிமிரும்போது, வகுப்பில் முதலாவதாக வருபவன் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்பதைக் காண்கிறான். அதிலிருந்து அவன் ஓர் உண்மையை அறிகிறான்: முதலாமிடம் பிறப்போடு வந்த வரமன்று, இருந்து உழைத்துப் பெற்ற கூலி. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத பாடம் இது. தனியறையிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு இப்பாடம் கிடைப்பது அரிது.

கேம்பிரிட்ஜ் சீனியர், லண்டன் மற்றிக்குலேஷன் என்று அந்நாளில் நம்மவரை வாட்டிய பரீட்சைகளுக்கு மாணாக்கர் ஆயத்தமானது இவ்வொழுங்கினுள்ளேதான். விளையாட்டு மைதானமும் இதற்கு இடையூறாக நின்றதில்லை. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியுடன் சம்பத்திரிசியார் ஆடும் கிரிக்கெட் ஆட்டத்தைப் "பொன் அணிகளின் போர்" என்று ஊரே அறியும். பந்தை விட்டவனை ஏசாமல் அடுத்த பந்துக்கு ஆயத்தமாகும் பழக்கம், பரீட்சை மண்டபத்தில் முதல் வினாவைப் பிழைக்க விட்டவனுக்கும் உதவுகின்றது. "விளையாடினால் படிப்புக் கெட்டுப்போம்" என்று உயர்தர வகுப்புப் பிள்ளையைப் பூட்டி வைக்கும் பெற்றோர் இதனைச் சற்றுச் சிந்திப்பாராக.

கூடி வாழ்தல் என்பது எல்லோரும் ஒருமுகமாய் மாறுதல் அன்று. கத்தோலிக்கக் கல்லூரிகளிற் சைவப் பிள்ளைகள் பெருந்தொகையாகப் படித்திருக்கின்றனர், இன்றும் படிக்கின்றனர். சாதாரண தரப் பரீட்சையிலே சமயம் கட்டாய பாடம். அவரவர் தத்தம் சமயத்தையே கற்பர். கோவில் மணி கேட்டு எழும்பிய பிள்ளையும் தேவாலய மணி கேட்டு எழும்பிய பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்து கேத்திரகணிதம் படித்தால், பின்னாளில் ஒருவரைப்பற்றி ஒருவர் கட்டுக்கதை கேட்டு நம்பமாட்டார்கள்.

ஒரே வாங்கு என்றேன். அந்த வாங்கு நமக்கு இலேசாகக் கிடைத்ததன்று. ஒருகாலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலோ வகுப்பறைக்குப் புறத்திலோ இருந்து கற்கவேண்டியிருந்தது. 1929–30 காலப்பகுதியில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சகல பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற பணிப்புப் பிறந்தபோது, குடாநாட்டிற் பெரும் எதிர்ப்பு மூண்டது. பாடசாலைக் கட்டடங்கள் சில தீக்கிரையாயின. மிஷன் பாடசாலைகளும் இப்பழிக்கு முற்றிலும் விலக்கானவை அல்ல. பிள்ளைகள் பக்கத்திற் பக்கத்தில் இருந்து படிப்பதைத் தடுக்கப் பெரியவர்கள் நெருப்பு வைத்தார்களென்றால், அவ்விருத்தலுக்கு எத்துணை வலிமை இருந்திருக்கவேண்டும்! கூட்டுவாழ்க்கையை ஊறுகாய் என்று எண்ணுவோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

கல்லூரியின் கூட்டுவாழ்க்கை மதிலுக்குள்ளே முடிந்துபோனால் அதுவும் நிறைவாகாது. 1936 முதல் 1954 வரை சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்தவர் லோங் அடிகளார் என்னும் ஐரிஷ் குரு. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஒரு பெருங்கட்டடம் வேண்டும் என்று முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1959 இல் திறக்கப்பட்ட அந்நூலகத்தின் முன்றிலிலே கலைமகள் வீற்றிருக்கிறாள். அடிகளாருக்கும் அங்கே சிலை எடுக்கப்பட்டது. தன் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் புத்தகம் வாங்கிக் கொடுத்தாற் போதும் என்று அவர் அமைதியடையவில்லை. எந்தக் கல்லூரிப் பிள்ளையும் வந்து படிக்கும் ஓரிடம் வேண்டும் என்று விரும்பினார். 1981 இல் அந்நூலகம் எரிந்தபோது எல்லாச் சமயத்தாரும் அழுதனர். எல்லோரும் கூடிக் கட்டியது எரிந்தால் எல்லோர் நெஞ்சும் எரிதல் இயல்பேயன்றோ?

இனி, குறைகளையும் கூறாமல் விடுதல் நேர்மையன்று. ஆங்கிலப் பாடசாலைகள் அந்நாளிலே தமிழைப் பின்வாங்கில் இருத்தின. இதற்குத் தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1913 இல் ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த அவர், புனித அந்தோனியார் கல்லூரியிலும் பின்னர் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் கற்றார். ஆங்கிலத்தில் வல்லவரானார், உரோமாபுரி சென்று குருவானார். ஆனால் தமிழை முறையாகக் கற்கும் வாய்ப்பு அவருக்கு வளர்ந்தபின்னரே வாய்த்தது. தென்பாண்டி நாட்டு வடக்கன்குளத்திலே ஆசிரியராயிருந்தபோது அக்குறையை உணர்ந்து தமிழ் பயின்றார். 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணாக்கராய்ச் சேர்ந்தார். அவரே பின்னாளில் "தமிழ் கல்ச்சர்" என்ற ஆங்கில ஏட்டைத் தொடங்கி, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 இல் உருவாகவும், 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது மாநாடு கூடவும் முன்னின்றார்.

இவ்வரலாற்றை இருவிதமாக வாசிக்கலாம். கல்லூரி அவருக்குத் தாய்மொழியைப் போதியவாறு கொடுக்கவில்லை, அது குறை. ஆனால், முப்பது வயதைக் கடந்தபின்னும் ஒரு மொழியைப் புதிதாய் ஏந்தி உழைக்கும் ஒழுங்கு அவரிடம் இருந்தது. அவ்வொழுங்கு விடுதிச்சாலைகளிலும் குருமடங்களிலும் பழகியது என்றே நான் கருதுகிறேன். பரீட்சைக்கென்று மனனம் செய்தது பரீட்சையோடு போய்விடும். உழைக்கும் பழக்கமோ ஒருவனை விட்டுப் போவதில்லை.

1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாகத் தனித்து நிற்பதெனச் சம்பத்திரிசியார் கல்லூரி முடிவு செய்தது. அஃதாவது, பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கலாகாது, அரசாங்கத்தின் உதவிப்பணமும் இல்லை. அந்நிலையில் ஒரு கல்லூரியைத் தாங்கி நிற்பவர் யார்? பழைய மாணாக்கரும், பெற்றோரும், ஊராருமே. தாம் படித்த வாங்கை நினைந்து இரங்குபவர்களே அதற்குப் பணம் கொடுப்பர். கூடி வாழ்ந்த கல்லூரிக்கே ஆபத்தில் உதவக் கைகள் நீளும்.

இன்றைய நிலையைப் பார்ப்போம். எந்தச் சமயத்தார் நிறுவிய கல்லூரியானாலும் இன்று எல்லோரையும் வருத்தும் நோய் ஒன்று உண்டு. உயர்தர வகுப்புக்கு வந்ததும் பிள்ளையின் மனம் கல்லூரியை விட்டுத் தனியார் கல்வி நிலையத்துக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. பரீட்சைக்குத் தோற்ற நூற்றுக்கு எண்பது நாள் வரவு வேண்டும் என்ற விதி இருப்பதனால் உடம்பு மட்டும் கல்லூரிக்கு வருகிறது. காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. ரியூட்டரியிற் கற்பிப்பவர்களிடையே திறமைசாலிகள் உண்டு; அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கானோர் நெருங்கியிருக்கும் அக்கொட்டகையில், இரண்டு நாள் வராத பையனை "ஏன் தம்பி வரவில்லை?" என்று கேட்பார் யார்?

இதனினும் ஆழமான தீங்கு ஒன்று உண்டு. பல்கலைக்கழக அனுமதியிலே பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. ஆகவே தன் மாவட்டத்தவனே தன் போட்டியாளன் என்று பிள்ளை எண்ணத் தொடங்குகிறான். மாவட்டத்தவருள் மிக அண்மையில் இருப்பவன் பக்கத்து வாங்கு நண்பன். குறிப்புக் கொப்பியை மறைத்து வைக்கும் வழக்கம் இவ்வாறே பிறக்கிறது. "அவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் உனக்குத்தான் நட்டம்" என்று வீட்டிலும் சிலர் ஓதுகின்றனர்.

இக்கணக்குப் பிழையானது. மாவட்டம் முழுவதிலும் ஆயிரக்கணக்கானோர் தோற்றும் பரீட்சையில், ஒரு நண்பனுக்குக் கொப்பியை மறைப்பதனால் வரும் இலாபம் கடலில் ஒரு துளியும் அன்று. ஆனால் அவனுக்கு ஒரு கணக்கை விளக்கிக் கூற முயலும்போதுதான் நமக்கே அது விளங்காத இடம் வெளிப்படுகின்றது. கற்பிக்கும் தொழிலில் இருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். தாம் படித்தபோது விளங்காத பலவும் படிப்பிக்கும்போது விளங்கின என்பார்கள். பழைய படிப்பு மண்டபத்திலே மூத்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தபோது இருவருமே கற்றனர். கூட்டுவாழ்க்கையே படிப்பாக மாறும் இடம் அதுதான்.

விடுதிச்சாலைகளை மீளவும் ஊரெங்கும் திறக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பேருந்தும் மோட்டார் சைக்கிளும் வந்துவிட்ட காலத்தில் தாய் தகப்பனோடு இருந்து படித்தலே பிள்ளைக்கு நல்லது. ஆனால் விடுதிச்சாலையின் சாரத்தை நாம் கைக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மாலைகளிலாவது கல்லூரி மண்டபத்தைத் திறந்து, ஓர் ஆசிரியர் முன்னிலையிற் பிள்ளைகள் கூடிப் படிக்க வழி செய்யலாம். உயர்தர மாணாக்கர் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் உதவலாம். மைதானத்துக்குப் போகும் பிள்ளையைப் பெற்றோர் மறிக்காதிருக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை; மனமே வேண்டும்.

ஆகவே, பிள்ளைக்குக் கல்லூரி தேடும் பெற்றோரே! ஒன்பது ஏ எத்தனை என்று தாராளமாகக் கேளுங்கள். அதனோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இரண்டு நாள் வராத பிள்ளையை அங்கே யாராவது தேடுகிறார்களா? கெட்டிக்காரன் மெலிந்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறானா? படித்து முடித்து வெளியேறியவர்கள் அந்த வாசலுக்குத் திரும்பி வருகிறார்களா? இம்மூன்றுக்கும் "ஆம்" என்ற விடை கிடைக்குமாயின், அது கத்தோலிக்கக் கல்லூரியாயினும், இந்துக் கல்லூரியாயினும், ஊர்ச் சந்தியிலுள்ள சிறிய மகா வித்தியாலயமாயினும், தயங்காது பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். அங்கே பிள்ளை பரீட்சைக்கும் ஆயத்தமாவான். பரீட்சைக்குப் பின்னால் வரும் நெடிய வாழ்வுக்கும் ஆயத்தமாவான்.