திறன் வகுப்பறையும் திறனற்ற மதிப்பீடும்

பாடசாலையொன்றுக்குத் திறன்பலகை வழங்கப்படுகின்றது, நாடா வெட்டப்படுகின்றது. ஓராண்டின் பின் ஆய்வாளர் வினாக்கொத்துடன் வருகின்றார். கற்பித்தல் இலகுவாயிற்றா என்ற வினாவுக்கு ஆசிரியர் ஆமென்கிறார். அன்பளித்தவரின் பெயர் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கையில் வேறென்ன கூறுவார்? அவ்விடைகளை வீதமாக்கிச் சலாகை வரைபும் தீட்டிவிட்டால் அஃது ஆய்வாகிவிடுகின்றது!

பரீட்சைப் பெறுபேறு உயர்ந்துள்ளதே என்பர். முன்னைய ஆண்டையும் பின்னைய ஆண்டையும் ஒப்பிடும் இம்முறை தெல்லிப்பழையில் அறவே செல்லாது. 1990 இல் போரினால் இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009 இற்குப் பின்னர் வலிகாமம் வடக்கின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட, குடும்பங்களும் கட்டங்கட்டமாகவே மீண்டன. மகாஜனக் கல்லூரியும் யூனியன் கல்லூரியும் விளங்கும் இவ்வூரில், ஓராண்டின் வகுப்பில் இருந்தோரும் சில ஆண்டுகளின் பின் அதே வகுப்பில் இருப்போரும் ஒரே வகையினர் என எவ்வாறு கொள்வது? போதாக்குறைக்கு, மாலையில் மாணவர் தனியார் கல்வி நிலையங்களை நாடுகின்றனர். உயர்ந்த புள்ளி பலகைக்குரியதா, ரியூசனுக்குரியதா என்பதை வினாக்கொத்து அறியாது.

மரக்கறி ஏற்றிவரும் லொறி உணவின் சத்தைக் கூட்டாதது போல, ஊடகமும் கற்றலைத் தானே கூட்டுவதில்லை என்றார் றிச்சட் கிளார்க், 1983 இல். மறுத்தோரும் உளர். ஆயின் அவர் எழுப்பிய ஐயத்தைத் தாண்டாத மதிப்பீடு மதிப்பீடாகாது. பெரு நாட்டில் 319 கிராமியப் பாடசாலைகளை எழுமாற்றாகப் பிரித்து, ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணனித் திட்டத்தை ஆராய்ந்தனர். கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் புலப்படவில்லை என 2012 இல் அறிவித்தனர். குஜராத்தின் வதோதராவிலோ நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கணனியிற் கணிதம் பயின்று தெளிவாக முன்னேறினர். எனினும் ஓராண்டு கழிந்ததும் அப்பயனிற் பெரும்பகுதி தேய்ந்தது. கையளிப்பு விழா முடிந்த கையோடு அளந்திருந்தால் இத்தேய்வு தெரிந்திருக்குமா?

பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது அநீதி எனச் சிலர் அறச்சீற்றம் கொள்வர். இன்று முதலிற் பெறும் பாடசாலையைத் தீர்மானிப்பது எது? பெரும்பாலும், கடல்கடந்த பழைய மாணவரின் பணவலிமையே. அதிலும் சீட்டு நீதியானது. கருவிகள் ஒரே நாளில் எல்லாப் பாடசாலைகளுக்கும் வந்து சேர்வதில்லை, தவணைமுறையிலேயே வருகின்றன. எப்பாடசாலைக்கு முதலில் என்பதைச் சீட்டால் தீர்மானித்தால், காத்திருக்கும் பாடசாலைகளே கட்டுப்பாட்டுக் குழுவாகும்; எவரும் எதனையும் இழக்கார். ரியூசன் செல்லும் மணித்தியாலங்களையும் குறித்துக்கொண்டு, ஈராண்டின் பின் மீண்டும் அளக்கலாம். இதற்குப் புதுப் பணம் பெரிதாக வேண்டியதில்லை. விரும்பாத விடை வரினும் அதனை அச்சிடும் துணிவே வேண்டும்.