தடித்த எழுத்து யாருக்கு?

சதுரமாக, தடித்து, நெருக்கியடித்து நிற்கும் எழுத்துகளுக்கு இப்போது நல்ல மவுசு. படத் தலைப்பு, யூடியூப் முகப்பு, டீ-சர்ட், நம் கூட்டங்களின் போஸ்டர், எங்கும் அவைதான். 'இன்டஸ்ட்ரியல்' தோற்றம் என்கிறார்கள். இத்தாலியின் தூரின் நகரத்து நெபியோலோ எழுத்து வார்ப்பகத்துக்காக ஆல்டோ நோவரேசே 1962இல் உருவாக்கிய யூரோஸ்டைல், விண்வெளிப் படங்கள் வழியாக எதிர்காலத்தின் எழுத்தாகவே ஆகிப்போனது.

தொழிற்சாலையின் சாயலை இவ்வளவு ரசிக்கும் சமூகம், தொழிலாளியை எங்கே வைத்திருக்கிறது? தோலைத் தொடுவது தீட்டு என்று சொல்லி அந்த வேலையைத் தலித்துகள் தலையில் கட்டிய அதே சமூகம், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அந்தத் தோல் ஷூவாகிக் கப்பல் ஏறும்போது அந்நியச் செலாவணி என்று கைதட்டுகிறது. ஷூவில் பிராண்டின் பெயர் இருக்கிறது. தைத்த பெண்ணின் பெயர் இல்லை.

எழுத்து வடிவம் வெறும் அலங்காரம் அல்ல என்பது நம் இயக்கத்துக்குப் புதிதில்லை. பெரியார் 1935இல் குடிஅரசில் ணா, றா, னா, லை, னை போன்றவற்றைச் சீர்திருத்தியபோது, அச்சுக் கோப்பதும் கற்பதும் எளிதாக வேண்டும் என்பதே அவர் வாதம். அரசு அதை ஏற்க 1978 வரை ஆனது.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். எந்தப் பலகையும் அந்தச் சுவரைத் தாங்கிப் பிடித்திருக்காது. ஆனால் தான் படுக்கும் இடத்தின் பக்கத்தில் என்ன தேங்கி நிற்கிறது என்று அறிவது தொழிலாளியின் உரிமை. ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும், தெளிவாகப் படிக்கும் நிலையிலும் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவே எழுதிவைத்தது.

'பொருத்தமான எழுத்துரு இல்லை' என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது. தமிழைத் தடிப்பாக்குவது கடினம்தான்; ண-வின் சுழிகளுக்குள் வெளி அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும். மும்பையின் ஏக் டைப் குழு 2022இல் வெளியிட்ட அனேக் குடும்பம் அந்தச் சிக்கலைக் கவனமாகக் கையாள்கிறது. குறுகலாகவும் தடிப்பாகவும் கிடைக்கிறது; தமிழ், வங்காளம், தேவநாகரி எல்லாம் ஒரே குடும்பத்தில்; விலையும் இல்லை. 'நச்சுவாயு. உள்ளே இறங்காதே' என்பதை மூன்று மொழியிலும் ஒரே அழுத்தத்தில் எழுதலாம்.

வடிவமைக்கத் தெரிந்த தோழர்களே, போஸ்டருக்கு நடுவே ஒருநாள் ஒதுக்குங்கள். டேனரிகளுக்கான எச்சரிக்கைப் பலகைகளை வடிவமைத்துத் தொழிற்சங்கங்களிடம் இலவசமாகக் கொடுங்கள். நிர்வாகத்தை மாட்டவைப்பது சங்கத்தின் போராட்டம். அதில் நாமும் நிற்போம். வாசலில் முதலாளியின் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, தொட்டியருகே எச்சரிக்கையும் அவ்வளவு பெரிதாக இருக்கட்டும்.