ஒற்றைக் காலில் 33 மணி

எங்கள் ஊர் ஒதியம்பட்டு, வில்லியனூர் பக்கம். ஊர்ப் பேரிலேயே ஒதியமரம் இருப்பதால் 'ஒதி பெருத்தால் உத்தரத்துக்கு ஆகுமா?' என்ற பழமொழி எங்களுக்குக் கொஞ்சம் சொந்தம். என் சட்டை பட்டன் தெறித்த நாளிலிருந்து மனைவி அதை எனக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

போன வாரம் தங்கச்சி வந்தாள். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அண்ணா, நீதான் அவனுக்குப் புத்தி சொல்லணும். வேலைய வுட்டுடறேங்கறான்."

'அவன்' அவள் பிள்ளை. வயசு 24. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. விடிகாலை நாலரைக்குக் கழனிக் கிணற்றில் குதிக்கிறான். ஏறி வந்ததும் சைக்கிளில் பாகூர் வரை போய்த் திரும்புகிறான். சைக்கிளைச் சாத்திவிட்டு ஓட ஆரம்பிக்கிறான். ஊர் நாய்களுக்கே அவனைத் துரத்தி அலுத்துவிட்டது. கேட்டால் 'டிரையத்லான்' என்கிறான்.

"நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் ஒருத்தனே செய்யணுமாம். மூணு சம்பளமா குடுக்கப்போறான்?" என்றாள் தங்கச்சி.

நியாயமான கேள்வி. புத்தி சொல்வதற்கு முன்னால் விஷயம் தெரிந்துகொள்வது நல்லது என்று கொஞ்சம் படித்தேன்.

நீந்துகிறவன், சைக்கிள் விடுகிறவன், ஓடுகிறவன் - இந்த மூன்று பேரில் யார் கெட்டி என்று ஹவாய்த் தீவில் ஒரு வாக்குவாதம் வந்தது. ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, "எதற்குச் சண்டை? மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்ப்போம்" என்றார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம். 1978 பிப்ரவரியில் 15 பேர் கிளம்பி, 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் என்பவர் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்து ஜெயித்தார். அதுவரை முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, கூட வந்தவர்கள் பீரைக் கொடுத்தார்களாம். அவருக்கு இரண்டாம் இடம். பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இந்த விளையாட்டில் எதிர்காலம் உண்டு என்று எனக்குப் பட்டது.

ஆனால் தங்கச்சி கேட்டது பயமுறுத்துகிற கதை. அதற்கு ஹவாய் வரை போக வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் வல்வெட்டித்துறையில் பிறந்த ஒரு தமிழர் போதும்.

சாயங்காலம் பையன் வந்தான். திண்ணையில் உட்கார வைத்தேன்.

"குமார் ஆனந்தன்னு கேள்விப்பட்டிருக்கியா? ஆழிக்குமரன்னு சொல்லுவாங்க."

"இல்ல மாமா."

சொன்னேன். 1943-ல் பிறந்தவர். 1971-ல் இலங்கையிலிருந்து பாக் நீரிணையை நீந்தி இந்தியக் கரைக்கு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை, திரும்பவும் நீந்தியே போனார். மொத்தம் 51 மணி நேரம். நாமெல்லாம் கடலூர் போனாலே திரும்பி வர ஜன்னல் சீட் தேடுகிறவர்கள்.

அதோடு நிறுத்தினாரா? 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் சைக்கிளில் ஏறியவர் 187 மணி 28 நிமிஷம் சுற்றினார். ஏறத்தாழ எட்டு நாள். அடுத்த வருஷம் அதே பூங்காவில் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். தூக்கிய காலை மற்ற காலின் மேல் வைக்கக்கூடாது, எதையும் பிடிக்கக்கூடாது. சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் தண்ணீரை மிதித்தபடி மிதந்தார். 128 மணி நேரம் ட்விஸ்ட் ஆடினார். கின்னஸ் புத்தகத்தில் ஒருத்தருக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிசு, அவர் ஏழு சாதனை வைத்திருந்தார்.

"ஒத்தக் கால்ல நிக்கறது அப்படி ஒண்ணும் கஷ்டமில்ல மாமா."

"எங்கே, நான் நின்னு காட்டறேன்" என்று எழுந்தேன். பத்தொன்பதாவது விநாடியில் தூண் என்னைப் பிடித்துக்கொண்டது. நீங்களும் வேண்டுமானால் முயன்று பாருங்கள், தூண் பக்கமாக.

"சரி, அந்த 33 மணி என்னாச்சு?" என்றான்.

"1982-ல சத்தியமங்கலத்துக்காரர் ஒருத்தர் 34 மணி நின்னுட்டார்."

இதுதான் சமயம் என்று கதையின் கடைசிக்கு வந்தேன். 1984 ஆகஸ்ட் 6. ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். குறுகலான இடத்திலேயே 33 கிலோமீட்டர். பாக் நீரிணையின் வெதுவெதுப்பு அங்கே கிடையாது. ஆகஸ்டிலும் தண்ணீர் பதினைந்து, பதினெட்டு டிகிரிதான். கரை சேரவில்லை. உயிரோடு திரும்பவும் இல்லை.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பயந்துவிட்டான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

"அப்ப அவருக்கு என்ன வயசு மாமா?"

"41."

"சைக்கிள் விட்டப்போ?"

"35."

விரல் விட்டு எண்ணினான். "அப்ப எனக்கு இன்னும் பதினோரு வருஷம் இருக்கு. அவசரப்பட்டு வேலைய வுட வேணாம்னு சொல்றீங்க. சரி மாமா, வுடல."

நான் சொல்ல நினைத்தது அதுவல்ல. ஆனாலும் ஜெயித்த வழக்கில் வக்கீல் வாயைத் திறக்கக்கூடாது.

தங்கச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"வேலை கெடக்குதுண்ணா, இது போனா இன்னொண்ணு. இருட்டுல தனியா கெணத்துல குதிக்கறானே, அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரல."

எனக்கு சுருக்கென்றது. கால்வாயில் நீந்துகிறவர் பக்கத்தில் எப்போதும் ஒரு படகு வரும். அங்கேயே அப்படி ஆகிவிட்டது. எங்கள் கழனிக் கிணற்றில் இவனுக்கு யார் படகு?

இப்போது நாலரை மணிக்குக் கையில் டார்ச்சும் கயிறுமாகக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பையன் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் "மாமா, முழிச்சிருக்கீங்களா?" என்று கேட்கிறான். நேற்று மனைவி ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒதி உத்தரத்துக்குத்தான் ஆகாது. கழனி ஓரத்துல நட்டு வச்சா நிக்கும்" என்றாள்.

ஒதிய மரத்தின் கிளையை வெட்டி வேலிக்கு நட்டால் துளிர்க்கும் என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.